புல்வெட்டியின் வாய் எந்தப் பக்கம்

ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையை, அவரே விரும்பி வாங்கிய இயந்திரத்தைக் கொண்டு, முழங்காலிலிருந்து மோவாய்வரை பச்சையாக்கிய விற்பனையாளன் இந்த இலங்கை மலைநாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவர் இருந்தால் அவர் இதுவரை வாய் திறக்கவில்லை, புத்திசாலி. அது மாலைத் தேநீர் வேளை. புல் ஈரமாக இருந்தது. புல்லோடு கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையும் கலந்திருந்தது என்பதையும், முழு உண்மை சொல்லும் வயது வந்துவிட்டபடியால், சொல்லிவிடுகிறேன்.

விற்பனைப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். என் பிரியாவிடைக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் வந்து, "சேர், புல்லு வெட்டுற டிராக்டருக்குப் பக்கவாட்டுல தள்ளுற டெக் நல்லதா, பின்னால தள்ளுறது நல்லதா?" என்று கேட்டார். என் ஒரு கையில் வடை, மறு கையில் நீங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம். இனி எங்கும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லை என்று அனுப்பிவைக்கிற மனிதனுக்கு எதற்காகக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்ற யோசனையில் இருந்ததால், "அது இடத்தைப் பொறுத்தது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. எந்த இடம், அங்கே யார் என்று சொல்லாமல் விட்டால் அது பதிலே அல்ல.

கேள்வியை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். அந்தச் சின்ன டிராக்டரின் வயிற்றுக்கடியில், கவிழ்த்து வைத்த பெரிய தாச்சிச் சட்டி போல ஓர் இரும்பு மூடி தொங்கும். அதற்குள் கத்தி சுழலும். அதுதான் டெக். வெட்டிய புல் அதற்குள்ளிருந்து எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். வலப்பக்கம் வாய் வைத்தால் புல் பக்கவாட்டில் பீறிட்டுப் போகும். ஈரப்புல்லும் நீளப்புல்லும் அடைக்காது. ஆனால் புல்லோடு கல்லும் போகும். அந்தப் பக்கம் நிற்கிறவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். பின்னால் வாய் வைத்தால் புல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் பதவிசாக விழும். பக்கத்தில் யார் நின்றாலும் தொல்லையில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஈரப்புல் உள்ளேயே அப்பித் தோசைமாவு போலத் திரண்டு மெஷினுக்கு மூச்சு முட்டிவிடும். சங்கதி இவ்வளவுதான். இதற்கு மேல் கேட்டலாக்கில் இருப்பதெல்லாம் வெயிலடிக்கும் ஊர்களின் வர்ணப்படம்.

ஐம்பதுகளின் கடைசியில் நம் ஹற்றன் கிளைக்கு அந்த வகை டிராக்டர் முதன்முதலாக வந்தபோது எனக்கு முப்பது வயது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகன். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு, பிறகு ஹற்றனில் படித்து, கைக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்து, சாமி, பூதம், நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாவற்றையும் மூளையிலிருந்து கழுவித் துடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவன். கேட்டலாக்கையும் விடவில்லை, மூன்று தரம் வாசித்தேன். அது எங்கேயோ கடல் கடந்த நாட்டில், மழையே பெய்யாத ஒரு நாளில் எழுதப்பட்டது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் டிராக்டரை வாங்கியவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை. பங்களாவுக்கு முன்னால் வட்டமாக ஒரு பெரிய புற்றரை. அதுவரை நாலு பேர் அரிவாளோடு குந்தியிருந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது நீங்கள் கேட்ட அதே கேள்விதான். நோட்டன் பிரிட்ஜில் மழை பெய்யாத மாதம் எது என்று யோசித்தேன், அகப்படவில்லை. "பக்கவாட்டு டெக்தான் சேர், சந்தேகமே வேண்டாம்" என்றேன். சந்தேகமே வேண்டாம் என்று ஒரு விற்பனையாளன் சொல்லும்போது வாங்குகிறவர் கதிரையை நகர்த்தி உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்பது நல்லது. துரை கேட்கவில்லை. வாங்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. உங்கள் மெஷின் நடுவில் ஒரு பெரிய வட்டத்தை வெட்டாமல் விடுகிறது. மிச்சப் புல்லையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவிக்கிறது. அதற்கு மேல் ஓர் ஆள் அரிவாளோடு அரைநாள் உட்காருகிறான். வரும் சனிக்கிழமை வி.ஏ. துரை வருகிறார், வந்து பார்க்கவும். வி.ஏ. துரை என்பவர் துரைமாருக்கெல்லாம் துரை. ஆண்டுக்குச் சில தடவை வந்து தோட்டத்தைச் சோதிக்கிறவர். அவர் வருகிறார் என்றால் பங்களாவில் நாய்கூட ஒழுங்காகக் குரைக்கும்.

புதன்கிழமை பகலில் போய்ச் சேர்ந்தேன். துரை சொன்னது சரிதான். புற்றரை ஓரமெல்லாம் போன வாரம் மழித்துச் சற்றே வளர்ந்து, நடுவில் மட்டும் குடுமி வைத்தது போல இருந்தது. அந்தக் குடுமிக்கு நடுவில் ஒரு கிழட்டுச் சவுக்கு மரம். மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல், முனியாண்டி. தோட்டம் வெட்டிய நாளிலிருந்து இருப்பதாகச் சொன்னார்கள். துரைசானி அதைப் பூப்பாத்தி அலங்காரம் என்று நினைத்துச் சுற்றிலும் மஞ்சள் பூச்செடி வைத்திருந்தார். முனியாண்டியும் ஆட்சேபிக்கவில்லை.

மெஷின் ஓட்டுகிறவர் பெயர் ராமையா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலை இழுத்து நடந்தார்.

"ஒரு சுத்துச் சுத்திக் காட்டு, ராமையா" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன், அந்தத் தைரியம்.

அவர் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி வட்டமாக உள்நோக்கி வந்தார். நடுவிலிருந்த மரமும் கல்லும் அவருக்கு வலக்கைப் பக்கம். டெக்கின் வாயும் வலப்பக்கம். ஆகவே வெட்டிய புல்லெல்லாம் உள்ளே, இன்னும் வெட்டாத புல்லின் மேல் போய் விழுந்தது. அடுத்த சுற்றில் அதையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. ஆறாவது சுற்றில் ஒரு வரப்பே எழும்பிவிட்டது. இயந்திரம் இருமத் தொடங்கியது. கல்லுக்குப் பன்னிரண்டடி இருக்கும்போது ராமையா நிறுத்தி, இறங்கி, இருக்கைக்கடியிலிருந்து அரிவாளை எடுத்தார்.

"ஏன் நிப்பாட்டின?"

"சரிங்க."

"எதிர்ப்பக்கமாச் சுத்தினா புல்லு வெளிய விழுமே. நடுவுல சேராதே. அப்புடிச் செய்யலாமில்ல?"

"சரிங்க ஐயா."

"அப்ப நாளையிலேருந்து அப்புடியே செய்வியா?"

தலையைச் சொறிந்தார். "சரிங்க."

தோட்டத்தில் 'சரிங்க' என்றால் சம்மதம் என்று பொருளல்ல. அது கதவை மரியாதையாகச் சாத்துகிற சத்தம். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்தேன், கத்தியைத் தடவிப் பார்த்தேன், இருபது நிமிடம் இயந்திரத்தோடு பேசினேன். பிறகு வேலை அட்டையை எடுத்து, 'இயந்திரத்தில் குறையில்லை. தவறு ஓட்டுநருடையது' என்று எழுதினேன். என் கையெழுத்து அப்போது மிக அழகாக இருக்கும்.

துரை வாசித்தார். முகம் தெளிந்தது. ராமையாவைப் பார்த்து, துரைமாருக்கென்றே இருந்த அந்தத் தமிழில், "ராமையா! மெஷின் நல்ல மெஷின். நீ நல்ல இல்லே. நாளைக்குப் பெரட்டில் பேர் வெட்டு" என்றார். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அங்கே கூப்பிடப்படாத பெயருக்கு வேலையில்லை.

"சரிங்க தொரை" என்றார் ராமையா.

தேநீர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அப்பு, பங்களாச் சமையற்காரர், தட்டோடு என் பக்கமாக வந்து, வாயை அசைக்காமல் பேசினார்: "என்னங்க ஐயா இப்புடிச் செஞ்சுபுட்டீங்க? தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கால்ல எறங்கி மலையேற ஏலாதுன்னுதான் இந்த வேலை குடுத்தாங்க. பொஞ்சாதிக்கு நெஞ்சு நோவு, அவ பேர எப்பவோ எடுத்தாச்சு. அந்தக் காம்பராவுக்கு இவன் ஒருத்தன் பேருதான். பேர் இல்லாதவனுக்குக் காம்பரா எது?"

லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறைதான் காம்பரா. பேரை வெட்டினால் அறையும் போகும் என்பது எனக்கு அப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நான் எழுதும்போது 'ஓட்டுநர்' என்பது அட்டையில் ஒரு சொல்லாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு கால் நொண்டும், ஒரு மனைவி இருமுவாள் என்று அட்டையில் போட்டிருக்கவில்லை.

அட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். வாய் திறப்பதற்குள் துரை என்னிடம் ஆங்கிலத்தில், "நல்லது. சரியாக ஓட்டினால் எப்படியிருக்கும் என்று நீயே காட்டு. சனிக்கிழமை யாரை ஏற்றுவது என்று பிறகு பார்க்கலாம்" என்றார்.

தம்பிமாரே, தவறு செய்துவிட்டோமோ என்று உறுத்தும்போது அதை நிறுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தில் யாராவது நம் திறமையைக் காட்டச் சொன்னால் தொலைந்தோம். நான் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

எதிர்த்திசையில், அதாவது கல் எனக்கு இடப்பக்கம் வரும்படி, திருப்பினேன். ராமையா நொண்டிக்கொண்டே பக்கத்தில் ஓடிவந்தார்.

"ஐயா, இடமாப் போறீங்க."

"தெரியும். தெரிஞ்சுதான் போறேன்."

அவர் நின்றுவிட்டார். பூந்தோட்டக்காரர் தலைத்துண்டைக் கழற்றினார். அப்பு உள்ளே போய்விட்டார். விஞ்ஞானத்துக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கேட்டலாக்கின் நாலாம் பக்கத்தில் ஒரு விதி உண்டு. நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. பக்கவாட்டு டெக்கில் வெளி ஓரத்து முதல் இரண்டு சுற்றையும் உள்ளே புல் விழும்படி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் இருப்பதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். நான் முதல் சுற்றையே வெளியே பார்த்தபடி எடுத்தேன். வட்டத்தை ராமையா அப்போதுதான் வெட்டியிருந்தார். வட்டத்துக்கு வெளியே, பங்களாவை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் இன்னும் நீளப்புல். அங்கேதான் அப்பு தன் ஆட்டை விடியற்காலையில் துரைக்குத் தெரியாமல் மேய விடுவார் என்பது பிறகு தெரிய வந்தது. அங்கேதான் தேநீர் மேசையும் இருந்தது. துரை கையில் கோப்பையோடு, வெள்ளை உடுப்பில், என்னைப் பாராட்டும் முகத்தோடு எழுந்து நின்றார்.

சத்தம் ஈரத் துணியால் சுவரில் அடித்தது போல இருந்தது. ஒரு சிறு கல் போய்த் தேநீர்க் கேத்தலின் மூக்கைப் பெயர்த்தது. மற்றதெல்லாம் துரை மேல். துரைசானி பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்ததால் தப்பினார்.

இயந்திரத்தை நிறுத்தினேன். சமையலறை ஜன்னலிலிருந்து, "ஆத்தாடி" என்று ஒரு குரல். துரை ஒரே ஓர் ஆங்கிலச் சொல் சொன்னார். அது அகராதியில் இருந்தாலும் அலுவலகக் கடிதங்களில் வராது. பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அவர் குளித்து உடுப்பு மாற்றிவர எடுத்த கால் மணி நேரந்தான் என் உத்தியோகத்தில் நான் உண்மையில் வேலை செய்த நேரம். மிச்சமெல்லாம் வரவும் போகவும்.

ராமையா வந்தார். கோபப்படவில்லை. டெக்கின் வாயில் தொங்கிய புல்லைக் கையால் வழித்துப் போட்டார்.

"சாமி மேல விழ வேண்டியது தொரை மேல விழுந்துருச்சு" என்றார்.

"எந்தச் சாமி?"

மரத்தடியைக் கண்ணால் காட்டினார். பிறகு, ஒரு கணக்கைப் பையன் வாத்தியாரிடம் நீட்டுவது போல, மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நா வலமாப் போனா குப்பை பூரா சாமி மேல போய் விழுது. இடமாப் போனா சாமிக்கு ஆகாது. அதான் கிட்டக்கப் போகாம நிப்பாட்டிப்புட்டுக் கையால அறுக்குறேன். நீங்களே சொல்லுங்க, நா எந்தப் பக்கங்க போறது?"

சின்ன வயதில் எங்கள் தோட்டத்து மாடசாமியை நான் சுற்றியிருக்கிறேன். பரீட்சைக்குப் போகும் நாளெல்லாம் மூன்று சுற்று, சாமி எப்போதும் வலக்கைப் பக்கம். எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லி யாராவது நூறு ரூபாய் நீட்டியிருந்தாலும் கால் நகர்ந்திருக்காது. மூளையைக் கழுவியவன் காலைக் கழுவ மறந்திருந்தேன். அல்லது காலுக்குத் தெரிந்ததை மூளை விசாரிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரும், அரிவாளோ மெஷினோ, அந்தக் கல்லை வலமாகத்தான் சுற்றுவார்கள் என்பதை வாங்கும் அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். நான் பார்த்தது மழையை மட்டும்.

"இத ஏன் தொரைகிட்டச் சொல்லல?"

"சொன்னா, கல்லத் தூக்கிப் போடுன்னுருவாரு. மெஷின் ஓட்டுறவன் நாந்தானே, அப்ப தூக்குறதும் நாந்தான்." மிச்சப் புல்லையும் வழித்துப் போட்டார். "பேர வெட்டுனா வேற தோட்டத்துல போய்க் கேட்டுப் பாக்கலாங்க. சாமியத் தூக்கிப் போட்டவன எந்தத் தோட்டத்துல சேப்பாங்க?"

நான் பையிலிருந்து கேட்டலாக்கை எடுத்துப் புரட்டத் தொடங்கினேன். இக்கட்டில் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் சிகரெட் பற்றவைப்பார்கள். ராமையா ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். யோசிக்கிறேனாம்.

யோசித்ததும் உண்மைதான். என் ஓட்டந்தான் தப்பு, மெஷின் நல்லது என்று சொன்னால் அட்டையில் இருப்பது நிற்கும். ராமையாவின் பெயர் போகும். மெஷினே மோசம் என்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழையபடி நாலு பேர் குந்தியிருந்து அறுப்பார்கள். காலை மடக்கி அரைநாளுக்கு மேல் குந்த முடியாத ராமையா அந்த நால்வரில் இருக்க மாட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால் முனியாண்டி போவார். எந்தப் பக்கம் திருப்பினாலும் புல் யார் மேலாவது விழுந்தது. கடைசியில், இதுவரை ஒரு புல்லும் விழாமல் சுத்தமாக இருந்த ஆள் ஒருவன் மிச்சம் இருப்பது தெரிந்தது. நான்.

துரை புது உடுப்பில் வந்தார். தலை இன்னும் ஈரம்.

"ஆக, மெஷின் மோசம்" என்றார்.

"இல்லை சேர். மெஷின் நல்லது. ஓட்டுகிறவரும் நல்லவர். நான் தெரிந்தெடுத்தது மோசம். மனிதர்கள் ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற புற்றரைக்குப் பக்கவாட்டு டெக்கை விற்றிருக்கக் கூடாது. பின்னால் தள்ளுவதுதான் சரி. எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம்."

"இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாட்டு என்று சத்தியம் பண்ணினாய். அப்போது பொய்யா, இப்போது பொய்யா?"

"அப்போது எனக்குத் தெரியாது சேர். இப்போது அத்தாட்சி இருக்கிறது. உங்கள் அழுக்குத் துணிக் கூடையில்."

துரை சிரிக்கவில்லை. துரைசானி சிரித்தார். ஒரு பங்களாவில் அது போதும்.

"பின்னால் தள்ளுவது மழையில் அடைக்கும் என்றாயே?"

"அடைக்கும். ஒவ்வொரு தரமும் அடியில் குனிந்து வழித்துத் துடைக்கிற பொறுமைசாலி ஒருவர் வேண்டும். ஈரப்புல் மெஷினை எப்படி மடக்கும் என்று இந்தத் தோட்டத்தில் இவருக்கு மட்டுந்தான் தெரியும்." ராமையாவைக் காட்டினேன். "இவர் இல்லாவிட்டால் புது டெக்கைப் பற்றி நான் பொறுப்பெடுக்க மாட்டேன்."

விற்பனையாளன் பொறுப்பெடுக்க மாட்டேன் என்று சொல்வது வாங்குகிறவரைத்தான் முதலில் பயமுறுத்தும். துரை அட்டையை என் கையில் திணித்தார். நான் என் அழகான கையெழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, 'ஓட்டுநரின் தவறு இல்லை. விற்பனையாளரின் தவறு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுத்து கோணலாக வந்தது.

சனிக்கிழமை வி.ஏ. துரை வந்தபோது அந்தக் குடுமியை ராமையா முழுவதும் கையால் அறுத்துச் சரிசெய்திருந்தார். வெள்ளிக்கிழமை பகலெல்லாம் அறுத்தாராம், காலை நீட்டி உட்கார்ந்தபடியே.

ஹற்றன் கிளையில் எங்கள் மனேஜர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்டிப்பானவர், மேசை மேல் பென்சில்கூட நேராகக் கிடக்க வேண்டும்.

"விற்பனையாளரின் தவறு. இந்த அட்டையில அதுக்குக் கட்டமே இல்லையே?"

"ஓரத்துல எழுதினேன் சேர்."

"இருபது வருசத்துல ஒருத்தனும் எழுதல. அதனாலதான் கட்டம் போடல." அட்டையை நேராக வைத்தார். "ஆறு மாசம் ஸ்டோர்ஸ்ல நில்லு. போல்ட்டெல்லாம் துரு பிடிக்குது." நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். "இனிமே அட்டையில ஓட்டுநர்னு எழுதாத. அவன் பேர எழுது. பேர எழுதக் கை கூசினா, எழுத வந்த சங்கதி தப்புன்னு வச்சுக்க."

முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த தொழிற்பயிற்சி அந்த இரண்டு வரிதான். உங்களுக்கு மூன்று மாத வகுப்பு நடத்துகிறார்கள். நல்லதுதான், தேநீரும் கொடுக்கிறார்கள்.

பின்னால் தள்ளும் டெக் வந்தது. நான் பயந்தபடியே முதல் வாரம் அடைத்துக்கொண்டது. ராமையா அதற்கு வழி கண்டுபிடித்தார். மழைக்கு முந்திய பகல் வேளையில், உயரமாக வைத்து, வாரத்துக்கு ஒரு தரத்துக்குப் பதில் இரண்டு தரம் மேலோட்டமாக வெட்டினார். தொடங்குமுன் டெக்கின் உட்புறமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினார். "தோசைக்கல்லுக்குத் தடவுறதில்லீங்களா, அது மாதிரிதான்" என்று அப்பு மூலம் சொல்லியனுப்பினார். எண்ணெய் முனியாண்டி விளக்குக்கு வாங்கியதில் மிச்சமா என்று நான் கேட்கவில்லை. டிராக்டர் கல்லை வலமாகச் சுற்றியது; புல் பின்னால் விழுந்தது; நடுவில் குடுமி இல்லை; ஒரு புல்லும் சாமி மேல் இல்லை. பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது.

ஆகவே தம்பி, உங்கள் குறிப்புப் புத்தகத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஈரமும் நீளப்புல்லும் உள்ள வெட்டவெளியானால் பக்கவாட்டு. ஓரத்தில் ஆட்களோ பூச்செடியோ கண்ணாடியோ இருந்தால் பின்பக்கம். இரண்டில் எதையும் சொல்லுமுன், அதை ஓட்டப்போகிறவர் எந்தப் பக்கமாகச் சுற்றுவார் என்று விசாரியுங்கள். 'சரிங்க' என்று பதில் வந்தால் உட்கார்ந்து மறுபடி விசாரியுங்கள்.

இதோடு நிறுத்தினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் ஸ்டோர்ஸிலிருந்து விடுதலையாகி ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். புற்றரை பச்சைக் கம்பளம் போலக் கிடந்தது. ராமையா இறங்கி வந்தார். நான் செய்த தியாகத்தை யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சொல்வார் போல் தெரியவில்லை, நானே தொடங்கினேன்.

"எப்புடி ராமையா, நிம்மதியா இருக்கீங்களா? இந்த டெக்க மாத்துறதுக்கு நா ஆறு மாசம் போல்ட்டுத் தொடச்சேன், தெரியுமா?"

"அப்பு சொன்னாருங்க. பெரிய மனசு ஐயாவுக்கு." குனிந்து டெக்கின் அடியைத் தட்டினார். "ஆனா இதுக்கு எண்ணெ தடவி, ரெண்டு தரம் வெட்டி, கீழ படுத்து வழிச்சு, சீவன் போகுதுங்க. பழசுலயே வாய் மட்டும் இடப்பக்கமா இருந்திருந்தாப் போதும். நா வலமாப் போவேன், குப்பை வெளிய போகும், சாமிக்கும் ஒண்ணுமில்ல. மேசைய மட்டும் தள்ளிப் போடணும். அப்புடி ஒண்ணு இல்லீங்களா?"

இருந்தது. கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில்: விரும்பினால் இடப்பக்க வாயுடனும் தருவிக்கலாம். மூன்று தரமும் அதை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன்.

"இத ஏங்க அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன், கிட்டத்தட்ட அழுகையோடு.

"சொல்லத்தான் வந்தேங்க" என்றார் ராமையா. "நீங்க புஸ்தகம் பாத்துக்கிட்டு இருந்தீங்க."